பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டேகால் வரை

நான் காற்று அடிக்கிறவன். திருமலைராயன்பட்டினத்துக்கும் வாஞ்சூருக்கும் நடுவே ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கே வண்டி டயருக்குக் காற்று அடிப்பதுதான் என் உத்தியோகம். ஆண்டவர் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த பொருளை நானும் இலவசமாகத்தான் கொடுக்கிறேன். ஆனால் அவருக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைப்பதில்லை. பேர்கூட போய்விட்டது. எல்லாருக்கும் நான் 'காத்து'. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. எனக்கு வாசிக்கத் தெரிந்ததெல்லாம் மீட்டரில் இருக்கிற எண்கள்தான். இதை நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள். நடை நன்றாக இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது என்று போடச் சொல்கிறாள். போட்டாயிற்று.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வந்தேன். பேர் வேண்டாம். பேர் போட்டால் பஸ் பிடித்து வந்து உதைப்பார்.

எங்கள் பங்கில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் வரி குறைவு, பெட்ரோல் சல்லிசு. நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வருகிறவர்கள் டேங்க் நிறைய அடித்துக்கொண்டு, முடிந்தால் சட்டைப்பையிலும் ஊற்றிக்கொண்டு போவார்கள். அக்காவை இரண்டாம் நம்பர் பம்பில் விட்டிருந்தார்கள். சேர்ந்த முதல் நாள். பன்னிரண்டு மணி வெயில். பன்னிரண்டு பைக் வரிசையில் நிற்கிறது. அவர் பாட்டுக்குப் பைப்பைத் தூக்கி மாட்டினார். சிவப்புக் கூம்பை எடுத்து வரிசைக்கு முன்னால் வைத்தார். நடந்து வந்துவிட்டார்.

நான் காற்று ஷெட்டுக்குப் பின்னால், வாதாமரத்தடியில், என் சிம்மாசனத்தில் படுத்திருந்தேன். உடைத்துப் போட்ட ஒரு பழைய காரின் பின்சீட்டு அது. யாரோ என் காலைத் தட்டுவது தெரிந்தது.

"எந்திரி."

"யாருங்க நீங்க?"

"ரெண்டாம் நம்பர். எந்திரி, கால் மணி நேரம்."

"இது என் சீட்டுங்க."

"இல்லேன்னு யாரு சொன்னா? கால் மணி கழிச்சு நீயே வச்சுக்க. இப்ப எந்திரி."

எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அப்பன் சொல்லியே நான் எதற்கும் எழுந்ததில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஹாரன் பிய்த்துக்கொண்டு போகிறது. கையெட்டும் தூரத்தில் என் கம்ப்ரஸர் கடகடவென்று ஓடுகிறது. அந்த முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழுந்திருக்கும். அப்படி ஒரு அசையாமை.

கால் மணி முடிந்ததும் எழுந்து, சீட்டைத் தட்டிவிட்டு, "தேங்க்ஸ்" என்று போனார். பைப்பை எடுத்தார். முன்னால் நின்றவன் திட்டு திட்டென்று திட்டினான். அக்கா அவன் டேங்க் மூடியைத் திறந்தபடியே, "முடிஞ்சுதா? ஜீரோ பாத்துக்குங்க" என்றார்.

இது ஒரு நாள் கூத்து என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷம் நடந்தது.

நானும் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். கிறிஸ்துமஸ் கேக்குக்கும் பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சிக்கும் மாதா கோயிலில் என்னைப் பார்க்கலாம். ஆகவே ஒரு விசுவாசிக்கு இருக்க வேண்டிய அக்கறையோடு ஒருநாள் விசாரித்தேன்.

"அக்கா, அந்தக் கால் மணியில அப்படி என்னதான் ஜெபம் பண்றீங்க?"

"பன்னண்டு மணி ஜெபம். மூணு அருள் நிறைந்த மரியே."

"அது ரெண்டு நிமிஷம்தானே? மிச்சம்?"

"மிச்சம் சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்டா. அவரு இருக்காரு, நான் இருக்கேன். ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்ல."

"மாமியாருக்கு நல்லாவணும், புள்ளைங்க பாஸாவணும், இதெல்லாம் கேக்கலாமே?"

"கேக்குறதெல்லாம் வர்றப்ப பஸ்ஸுலயே கேட்டுட்டேன். இங்க வந்தும் நச்சரிக்கணுமா?"

அவர் வீட்டு நிலவரம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மாமியார் படுத்த படுக்கை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். எப்போது வருவார் என்று லாரிக்குத்தான் தெரியும். பிள்ளைகள் இரண்டு. விடியுமுன்னே எழுந்து சமைத்து, கிழவியைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறுவார். ஏறினதும் தலையைப் பின்னி முடிப்பார். அதற்கு வீட்டில் நேரம் கிடையாது. மத்தியானம் ஷிப்ட் முடிந்து போனால் மறுபடி அதே ஓட்டம். அந்த ஆள் ஒரு நாளில் ஓடாத நேரம் அந்தக் கால் மணி மட்டும்தான்.

திருமலைராயன்பட்டினத்து மாதா கோயிலில் பன்னிரண்டுக்கு மணி அடிப்பார்கள். எங்கள் பங்க் இரைச்சலில் அது ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. அக்கா காதில் விழும். ஒருதரம் அந்த மணியை ரிப்பேருக்கு இறக்கியிருந்தார்கள். எனக்கு ஆள் மூலம் தெரிந்தது. பன்னிரண்டுக்கு அவர் வந்து நின்றதும் மடக்கினேன்.

"இன்னிக்குத்தான் மணியே அடிக்கலியே அக்கா. யாரக் கேட்டு வந்தீங்க?"

"அது மணி பாடு. எந்திரி."

மூன்றாம் நம்பர் பம்ப் அண்ணனுக்கு இது வயிற்றெரிச்சல். "பொம்பளைங்கள வேலைக்கு வச்சா இப்பிடித்தான், ஜெபம் கிபம்னு போயிடுவாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அக்கா காதில் விழுந்துவிட்டது.

"அண்ணே, நீங்க ரோட்டத் தாண்டி பீடிக்குப் போறீங்களே, காலையிலேர்ந்து எத்தன தடவ?"

"அது டீ டைம்."

"ஆறு டீயா? அந்த ஆறு தடவையும் உங்க பம்ப யாரு பாத்தா?"

அண்ணன் மேலே தகரக் கூரையைப் பார்த்தார். பம்பைப் பார்த்தது அக்காதான். எல்லாருடைய டீக்கும், பீடிக்கும், போனுக்கும் அவர்தான் இரண்டு பம்புக்கு நடுவில் ஓடுவார். அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அவர் கேட்டது அந்தக் கால் மணி மட்டும்தான். கேட்டார் என்றும் சொல்ல முடியாது, எடுத்துக்கொண்டார்.

கடை கண்ணியில் நிற்கிறவர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டமே போட்டிருக்கிறார்களாம். இந்தப் பக்கம் அது வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் சொன்னேன். "இங்க பெட்ரோல் சல்லிசு, அங்க உக்கார்றது சல்லிசு. நீங்க செக்போஸ்ட்டத் தாண்டி உக்காந்துட்டு வாங்களேன்."

"சட்டம் எதுக்குடா? ஆண்டவரே ஏழாம் நாள் உக்காந்துட்டாரு. அவருக்கு இல்லாத வேலையா எனக்கு?"

அவருக்கு வேதாகமத்தில் பிடித்த இடம் ஒன்று உண்டு. புயலில் படகு தத்தளிக்கும்போது ஆண்டவர் பின்பக்கம் படுத்துத் தூங்குகிற இடம். அதை என்னிடம் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார், ஏதோ பக்கத்து வீட்டில் நடந்த மாதிரி.

"படகு ஆடுது. தண்ணி உள்ள வருது. பன்னண்டு ஆம்பளைங்க குய்யோ முறையோன்னு கத்துறானுங்க. அவரு தலவாணி வச்சுத் தூங்குறாருடா! தலவாணி! இவனுங்க இப்படித்தான் கத்துவானுங்கன்னு தெரிஞ்சு எடுத்துவச்சிருந்திருக்காரு."

"எழுப்பிட்டாங்கல்ல?"

"எழுப்பினானுங்க. திட்டு வாங்கினானுங்க."

கோயிலிலும் அவருக்குச் சண்டைதான். எங்கள் பங்கில் வேலை இல்லாத நேரம் இல்லை என்றால், எங்கள் பங்குக் கோயிலில் கூட்டம் இல்லாத நாள் இல்லை. திங்கள் இது, செவ்வாய் அது, புதன் நவநாள், வெள்ளி ஜெபக்கூட்டம். ஒருநாள் அக்கா தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துத் தலைவியம்மா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் நோட்டு. சரியாகப் பன்னிரண்டேகால். அக்கா அப்போதுதான் எழுந்திருந்தார்.

"ரெண்டு மாசமா கூட்டத்துக்கு வரல. ஜெபத்துக்குக்கூட நேரம் இல்லியாம்மா உனக்கு?"

"ஜெபத்துக்கு இருக்குதுங்க. கூட்டத்துக்குத்தான் இல்ல."

"திருவிழா வருது. பூ அலங்காரத்துக்கு உன் பேரப் போட்டிருக்கோம். சாப்பாட்டு கமிட்டியிலயும் போட்டிருக்கோம்."

"அடிச்சிருங்க."

"என்னது?"

"ரெண்டுலயும் அடிச்சிருங்க. என் மாமியாருக்குச் சோறு ஊட்டுறதே எனக்குச் சாப்பாட்டு கமிட்டி."

தலைவியம்மா முகம் சிவந்துபோனது. "கோயில் வேலைன்னா இப்படி ஓடி ஒளியிற. மரத்தடியில மட்டும் சொகுசா உக்காந்துக்கிற."

"ஆமாங்க. நீங்களும் உக்காந்து பாருங்க. அப்புறம் அந்த நோட்டு இவ்வளவு கனமா இருக்காது."

நான் சிரிப்பை அடக்க டயருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவர்கள் போய் ஃபாதரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஃபாதர் பைக்கில் வந்து இறங்கினார். எங்கள் ஃபாதருக்கு ஒரு பெரிய கோயில், மூன்று கிளைக் கோயில், ஒரு பள்ளிக்கூடம். ஆளை நின்று பார்த்தவர்கள் குறைவு. பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம். இரண்டாம் நம்பரில் கூம்பு. நான் ஷெட்டுக்குப் பின்னால் ஓடினேன்.

"அக்கா, ஃபாதர்! ஃபாதர் வந்திருக்காரு!"

கண்ணைத் திறக்கவில்லை. "உக்காரச் சொல்லு."

போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒரு குருவானவருக்குச் சொன்ன ஒரே புத்திமதி அது. அவர் முகத்தில் கோபம் வந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஷெட் நிழலில் கிடந்த லாரி டயர்மேல் உட்கார்ந்தார். நிரவியில் ஒரு புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் போக வேண்டுமாம், அரை மணியில். "அஞ்சு நிமிஷம் பாக்குறேன்" என்றார். சுவரில் சாய்ந்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை வந்தது.

அக்கா கால் மணி முடிந்து எழுந்து பார்த்தார். நான் ஃபாதர் தோளைத் தொடப் போனேன்.

"கைய எடு."

"நிரவியில காத்துக்கிட்டிருப்பாங்க அக்கா."

"இருக்கட்டும். வீடு ஓடிடாது."

ஃபாதரின் போன் டயர்மேல் கிடந்து அலறியது. நிரவிதான். "எடுத்து, ஃபாதர் ஜெபத்துல இருக்காருன்னு சொல்லு" என்றார் அக்கா.

"பொய் இல்லியா அக்கா?"

"ஏன்டா, குறட்டை விட்டா அது ஜெபம் இல்லியா? படகுல என்ன நடந்துச்சு?"

சொன்னேன். ஃபாதர் ஒரு மணி வரை தூங்கினார். விழித்து, பதறி எழுந்து, அங்கியைத் தட்டிக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று ஒருதரம் பார்த்தார். அக்காவிடம் போய் நின்றார். ஃபாதர் திட்டப்போகிறார் என்று நான் ஓரமாகப் போனேன். ஃபாதர் மெதுவாகச் சொன்னார்: "நான் உங்களக் கூட்டத்துக்கு வாங்கன்னு சொல்லத்தான்மா வந்தேன்."

"சொல்லுங்க ஃபாதர்."

"வேண்டாம்மா. டேங்க் ஃபுல் பண்ணுங்க."

"ஜீரோ பாத்துக்குங்க ஃபாதர்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளியின் மருமகன் மேனேஜராக வந்தார். படித்தவர். குரலை உயர்த்த மாட்டார், எல்லாரையும் வாங்க போங்க என்பார், என்னைக்கூட. வந்த மாசமே நான்கு பக்கமும் கேமரா வைத்தார். கேமராவில் இரண்டாம் நம்பர் பம்ப் தினமும் கால் மணி காலியாக இருப்பது தெரிந்தது. ஒருதரம் கூப்பிட்டுச் சொன்னார். இன்னொருதரம் சொன்னார். மூன்றாந்தரம் என் பின்சீட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். நான் அழாத குறை. அக்கா மறுநாள் பன்னிரண்டுக்கு வந்து, சீட்டு இருந்த இடத்தைப் பார்த்து, "போச்சா?" என்றுவிட்டு, அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தார். வாதாமரத்து எறும்பு அவரை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அசையவில்லை.

ஆகஸ்ட் கடைசி வந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்தி, மாதா தேரை இழுத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். இரவும் பகலும் அந்த ரோட்டில் கால் நடந்துகொண்டே இருக்கும். வழியெல்லாம் கடைக்காரர்கள் பந்தல் போட்டு மோரும் தண்ணீரும் கொடுப்பார்கள். பந்தல் போட்டவர் படத்தோடு ஒரு ஃப்ளெக்ஸும் கட்டுவார்கள். எங்கள் மேனேஜரும் பங்கின் ஓரத்தில் ஒரு பந்தல் போட்டு, முப்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கைகூப்பி நிற்கிற தன் படத்தோடு பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்.

அந்த வாரம்தான் எங்களுக்குப் புது யூனிஃபார்மும் வந்தது. ஆளுக்கொரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"காத்து, இதப் படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

இந்த மாதிரி நேரத்துக்கு என்னிடம் ஒரு வித்தை உண்டு. தாளைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன். கண்ணை இடதிலிருந்து வலதுக்கு ஓட்டுவேன். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, புருவத்தைத் தூக்குவேன். பிறகு தலையாட்டுவேன். அன்றைக்கும் செய்தேன்.

"எல்லாம் கரெக்ட்டாத்தான் சார் இருக்கு" என்றும் சொன்னேன்.

போட்டுவிட்டு வந்து, யூனிஃபார்ம் எப்போது வரும் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள், பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மேனேஜர் இரண்டாம் நம்பருக்கு வந்தார். கையில் இரண்டு தாள். நான் பக்கத்தில் ஒரு காருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இனிமே நடுவுல போகமாட்டேன்னு இதுல எழுதிக் குடுத்துருங்க. வேலையில இருங்க. இல்லேன்னா இந்த லெட்டர வாங்கிக்குங்க."

"என்ன தப்புக்கு?"

"தெனம் ஒரு மணி நேரம் பம்ப விட்டுட்டுப் போய்த் தூங்குறீங்க. சாட்சி கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"ஒரு மணி நேரமா? யாரு சாட்சி?"

அவர் தாளைக் காட்டினார். அக்கா அடியில் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

யூனிஃபார்ம் எனக்கு ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. முப்பத்திரண்டில் நிறுத்த வேண்டிய காற்று ஐம்பதுக்கு ஏறிவிட்டது. கார்க்காரர் கத்துகிறார். எனக்கு நிறுத்தக் கை வரவில்லை.

"வீட்ல பெரியவங்க படுத்திருக்காங்க, பசங்க படிக்கிறாங்க. யோசிங்க அக்கா" என்றார் மேனேஜர். அதை அவர் நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்.

அக்கா பைப்பை எடுத்தார். வரிசையில் நின்ற நான்கு பைக்குக்குப் பெட்ரோல் அடித்தார். நான்கு பேருக்கும் ஜீரோ காட்டினார்.   பிறகு பைப்பை மாட்டினார், கூம்பை வைத்தார்.

"யோசிச்சுட்டேன் தம்பி. மணி பன்னண்டு. லெட்டரக் குடுங்க."

சேலைமேல் போட்டிருந்த நீல யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி, மடித்து, பம்ப்மேல் வைத்தார். வாதாமரத்துக்கு வரவில்லை. நேராகப் பந்தலுக்குள் போய், யாத்திரைக்காரர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேனேஜர் பின்னாலேயே போனார். "அக்கா, வேலையில இல்லாதவங்க பங்குக்குள்ள உக்காரக்கூடாது."

"வேலையில இருந்தப்பவும் உக்காரக்கூடாதுன்னீங்க."

"இது யாத்திரைக்காரங்களுக்குப் போட்டது."

"மேல என்ன எழுதியிருக்கு, படிங்க."

மேனேஜர் படிக்கவில்லை. பக்கத்தில் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, அண்ணாந்து பார்த்துச் சத்தமாகப் படித்தார்: "அன்னையின் பக்தர்களே, வருக. களைத்து வரும் அனைவரும் இங்கே இளைப்பாறிச் செல்க. அன்புடன் வரவேற்பது..." என்று மேனேஜர் பேரையும் பட்டத்தையும் முழுசாகப் படித்து முடித்தார். படத்தையும் ஆளையும் பார்த்து, "அட, தம்பிதானா! மாதா உன்ன நல்லா வைக்கட்டும்" என்று கும்பிட்டார்.

"நானும் அவங்க பக்தைதான் தம்பி" என்றார் அக்கா. "களைச்சுத்தான் வந்திருக்கேன். வேளாங்கண்ணிக்கு நடந்தாத்தான் ஆச்சுன்னா, சாயங்காலம் மாமியாருக்குச் சோறு குடுத்துட்டு நடக்குறேன். இப்ப கால் மணி நேரம் என்னை விட்ருங்க."

சிலுவை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் சுற்றிப் பார்த்தார். முப்பது பேர் மோர் குடித்துக்கொண்டே அவரைப் பார்த்தார்கள். போய்விட்டார்.

நான் ஓடினேன். அவர் காலடியில் குந்தி, "அக்கா, அது நான்தான். ஆனா நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பன்னண்டேகாலுக்கு."

"இல்லக்கா, எனக்குப் படிக்க..."

"பன்னண்டேகாலுக்குச் சொல்லு. உக்காரு."

உட்கார்ந்தேன். தரையில்தான், நாற்காலியில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. நான் மணிக்கணக்காகப் படுத்திருக்கிறேன், தூங்கியிருக்கிறேன், வேலைக்கு டிமிக்கி கொடுத்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அடிக்க ஒரு டயர் இல்லை, சொல்ல ஒரு ஜோக் இல்லை. மூன்று நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. என்னோடு நான் மட்டும் இருந்தால் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். தாளைத் தள்ளிப் பிடித்து, புருவத்தைத் தூக்கி, தலையாட்டிய என்னை நானே எதிரில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது. கோயில் மணி கேட்டதா என்றால், கேட்கவில்லை.

அக்கா கண்ணைத் திறந்தார். "இப்ப சொல்லு."

சொல்ல நிறைய வைத்திருந்தேன். கால் மணியில் எல்லாம் கழன்று மூன்று வார்த்தைதான் மிச்சமிருந்தது. "எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

"அது பங்குக்கே தெரியும்."

"கோவம் இல்லியா அக்கா?"

"இருக்கு. பன்னண்டேகாலுக்கு மேல படறதுக்கு எடுத்துவச்சிருந்தேன். மணி என்ன?"

"பன்னண்டு பதினாறு."

ஆரம்பித்தார். என் வீட்டுக்காரி அதை எழுத மாட்டேன் என்கிறாள். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு வாய் வரல, ஊரையே கிண்டல் பண்ண மட்டும் வருதாடா நாயே" என்பது அதில் மரியாதையான வரி. மோர் ஊற்றுகிறவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். எண்ணெய் தேய்த்த பெரியவர், "விடும்மா, பாவம்" என்றார். "நீங்க கால தேயிங்க அய்யா, இன்னும் முடியல" என்றுவிட்டு அக்கா தொடர்ந்தார். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

யாத்திரையில் வந்த ஒரு காலேஜ் பெண்ணிடம் நான் ஒரு தாள் கேட்டேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்த மாதிரி நடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் இல்லை, கால் மணி நேரம். தூங்கவில்லை, உட்கார்ந்திருந்தார்." மூன்று தடவை திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் வாங்கிப் படித்தார். மேஜைக்குள் வைத்தார். அக்காவைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அக்காவும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கவில்லை. இரண்டு மாசம் கஷ்டப்பட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு வடக்கே, திருவேட்டக்குடிப் பக்கம் ஒரு பங்கில் சேர்ந்தார். சம்பளம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அங்கே கேட்டார்களாம். "அத அப்புறம் பேசலாம். பன்னண்டு மணிக்கு என் பைப்ப யாரு புடிப்பா, மொதல்ல அதச் சொல்லுங்க" என்றாராம்.

அது பிறகு. அவர் போன மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நான் காற்றுக் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். வாதாமரத்தடியில் தரையில் உட்கார்ந்தேன். எறும்பு உடனே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் மேனேஜர் வந்தார்.

"என்ன காத்து, உங்களுக்கும் ஆரம்பிச்சுருச்சா?"

"ஆமா சார்."

"லெட்டர் குடுக்க வேண்டியிருக்கும்."

"குடுங்க சார், கையெழுத்துப் போடுறேன். ஆனா இந்தத் தடவ நீங்கதான் படிச்சுக் காட்டணும். பந்தல்ல நின்னு, சத்தமா."

அவர் நின்றார். ரோட்டில் யாத்திரைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாகூரிலிருந்து பைக்கில் வந்த ஒருவர் காற்றுக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஹாரன் அடிக்கிறவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். கடைசியில் குழாயை ஆணியிலிருந்து தானே எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு ஜெபம் ஒன்றும் வரவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியேயில் இரண்டாவதில் குழம்பிவிட்டேன். பசித்தது. எறும்பு கடித்தது. எழுந்திருக்கவில்லை.